ஒன்பதாவது மாதிரி

எட்டாவது மாதிரியை நான் மிகவும் நேசித்தேன்.
அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

ஆலிவ் மரத்தின் முடிச்சிலிருந்து அறுத்த பிடி.
முதுகில் ஒரு வளைவு:
மானியாகோ மலையடியில் ஓடை திரும்புவதுபோல
என்று விளம்பரத்தாளில் எழுதினார்கள்.
உண்மையில் அதை
என் மேசை விளக்கின் கழுத்தைப் பார்த்து வரைந்தேன்.

மடித்தால் கூழாங்கல்.
திறந்தால் 'க்ளக்'.
அந்தச் சத்தத்துக்காகவே
முதுகு வில்லை நாலு தடவை இழைத்தோம்.
பட்டறையில் ஃபாப்ரிஸ் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு
இன்னும் அரைச் சுருதி இறக்கு என்பான்.

ரவுஷேடோவில் கொடுத்துப் பார் என்றார்கள்.
திராட்சைக்கு ஒட்டுக்கட்டும் கொட்டகை.
சீவி, பிளந்து, செருகி, கட்டி
ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு குச்சி.
திர்ச்சே வாங்கிக்கொண்டாள்.
"அழகா இருக்கு" என்றாள்,
அடுத்தவர் குழந்தையைச் சொல்லும் குரலில்.

மூன்று வாரம் கழித்துப் போனேன்.
பிப்ரவரி. ஈர மரத்தூள் வாசனை.
ரேடியோவில் யாரோ உறைபனி வரும் என்றார்கள்.
அவள் கையிலிருந்த கறுப்புக் கட்டிதான்
என் கத்தி என்று புரியக்
கொஞ்ச நேரம் பிடித்தது.

சைக்கிள் டியூப்.
ஆலிவ் முடிச்சின் ரேகைகளுக்கு மேலே
மூன்று சுற்று,
பஞ்சர் ஒட்டிய தழும்பு வெளியே தெரிய.

"வழுக்குது" என்றாள்.
"அப்புறம் இது."
கட்டைவிரலின் அடியை விரித்துக் காட்டினாள்.
ஓடை திரும்புகிற இடத்தில்
காசளவு கொப்புளம்.

அந்தச் சத்தம் எப்படி, என்று கேட்டேன்.
"எந்தச் சத்தம்?
காலையில ஒருதரம் திறப்பேன்.
சாயங்காலம் மூடுவேன்."

வண்டியில் தனியாகப் பேசிக்கொண்டே திரும்பினேன்.
ரசனை கெட்டவள். கையுறை போட்டால் என்ன.
கை சின்னது, அது என் தப்பா.
மெதூனா பாலத்தில் ஒரு டிராக்டர் வழியை அடைத்து நின்றது.
கீழே ஆறு இல்லை, வெறும் வெள்ளைக் கல்.
கை சும்மா இருக்காமல்
பக்கத்து இருக்கையிலிருந்து அதை எடுத்தது.
எடுத்ததை
வைக்க மனசில்லாமல்
வீடு வரை ஒற்றைக் கையால் ஓட்டினேன்.

பொற்கத்தியை யாரும் வயிற்றில் குத்திக்கொள்வதில்லை.
உள்ளங்கையில் குத்திக்கொள்ளலாம் என்று
எந்த நம்பிக்கையில் இருந்தேனோ.

இரவு டியூபைப் பிரித்தேன்.
அதைச் சுற்றுவதற்கு முந்தைய நாட்களின் வியர்வை
மரத்தில் நாலு கறுப்புத் தீவுகளாக இருந்தது,
விரல்கள் நிஜமாகவே உட்கார்ந்த இடங்கள்.
ஒன்றுகூட என் வரைபடத்தில் இல்லை.
ரப்பரை வெர்னியரில் அளந்தேன்.
மூன்று சுற்றும் சேர்ந்து இரண்டரை மில்லிமீட்டர்.
ஐந்தாவது மாதிரியில்
'தடியாக இருக்கிறது' என்று
நான் சீவி எறிந்ததும் அவ்வளவேதான்.

ஒன்பதாவதற்கு வயிறு வைத்தேன்.
வளைவைத் தணித்தேன். பிடியில் குறுக்குக் கீறல்கள்.
"சினைமீன்" என்றான் ஃபாப்ரிஸ்.
படத்தில் எடுபடாது என்றார் விற்பனைப் பிரிவின் தொஃபோலோ.
ஜீன்ஸ் பையில் துருத்துகிறது என்று
எனக்கே தெரியும்;
இரண்டு நாள் அதோடு நடந்து பார்த்தேன்,
உட்காரும்போதெல்லாம் தொடையில் இடித்தது.
அதைத் தீர்க்க வழி தெரியவில்லை. இன்னும் தெரியாது.

மார்ச்சில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
திர்ச்சே பார்க்கவே இல்லை.
வாங்கிய கையோடு பத்துக் குச்சி சீவினாள்,
பதினொன்றாவதில் கத்தியை மறந்துவிட்டு
பக்கத்துப் பெண்ணிடம் மருமகனைப் பற்றிக் குறைசொல்ல ஆரம்பித்தாள்.
நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிளம்பும்போது வாசல் வரை வந்தாள்.
"அந்தப் பழசு என்ன ஆச்சு?"
மேசை இழுப்பறையில், என்றேன்.

"குடுத்துடு. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு ஆள் வரும்,
பாலாடைக்கட்டி வெட்டணும்."
கொஞ்சம் யோசித்துச் சொன்னாள்:
"டியூப் இல்லாம."